ஒரே பூட்டு, நான்கு பெயர்

றஸீனா வாசலில் செருப்பைக் கழற்ற முன்னமே பேசத் தொடங்கிவிட்டாள்.

"பிரஷாந்தி, என்ட அலுவலகத்தை இழுத்து மூட வைக்கப் பாக்கிறாங்க. நீங்கதான் இதுக்கொரு வழி சொல்லணும்."

கல்லடியில் வாவியைப் பார்த்தபடி இருக்கும் அந்த முன்னறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படிப் பதறிக்கொண்டுதான் வருவார்கள். யாரோ திறந்துவிட்ட முகநூல் கணக்கு, கடைக் கணினிக்குள் புகுந்த வைரஸ் என்று ஆளுக்கொரு கலக்கம். பிரஷாந்தி கொழும்பில் ஒரு வங்கியின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் வருடக்கணக்காக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். எதிரே இருப்பவர் எவ்வளவு அவசரப்படுகிறாரோ அவ்வளவுக்கு ஆறுதலாகிவிடுவது அவள் சுபாவம். அவளோடு சேர்ந்து தொழில் பார்க்கும் ஜிப்ரி அதற்கு நேரெதிர். அவனை ஒரு கதிரையில் இருத்தி வைப்பதே பெரும்பாடு. அன்றைக்கோ அவன் கதிரைப் பக்கமே போகவில்லை. யன்னலுக்கும் கதவுக்கும் இடையில் காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தான்.

காரணம் இல்லாமலில்லை. றஸீனா கொண்டுவந்த வழக்கில் அவனுடைய தங்கச்சி ஸில்மியாவும் இருந்தாள்.

றஸீனா காத்தான்குடியில் கலியாணம் பேசி முடிக்கும் அலுவலகம் நடத்துகிறவள். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று மூன்று ஊர்ப் பிள்ளைகளின் விபரமும் அவளுடைய இணையத்தளத்தில் இருந்தது. அதைக் கட்டிக் கொடுத்தவள், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறிய நஸ்ஹா. அவளும் கூடவே வந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

றஸீனா தொலைபேசியை நீட்டினாள். புது இலக்கமொன்றிலிருந்து மூன்று மாப்பிள்ளை வீடுகளுக்குப் போன செய்தி. பெண்ணின் பெயரைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றே.

"பெண்ணின் ரத்தத்தில் கோளாறு இருக்கிறது. கலியாண அலுவலகத்துக் கணினியில் பதிவாகியும் இருக்கிறது. அவர்கள் மறைக்கிறார்கள். கேட்டுப் பார்த்து முடிவெடுங்கள்."

"பொய்!" என்றான் ஜிப்ரி. "ஸில்மியா இன்னும் டெஸ்டே எடுக்கல்ல. எடுக்காத ரத்தத்தில கோளாறெண்டு எப்பிடிச் சொல்லுவான்? இனி எடுத்துக் காட்டினாலும், கதை வந்தப் பிறகு எடுக்கிற பேப்பரை ஆரு நம்புவாங்க எண்டு மாப்பிள்ளைட உம்மா கேக்கிறா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிய முடிவு சொல்லுவாவாம். இண்டைக்குப் புதன்!"

"இருங்க ஜிப்ரி," என்றாள் பிரஷாந்தி. "இந்தக் கதை எங்க இருந்து பிறந்ததெண்டு காட்டினாத்தான் அவ நம்புவா. றஸீனா, அந்த மூண்டு பேருக்கும் கணினியில என்ன பதிஞ்சிருக்கு?"

றஸீனா தலையை ஆட்டினாள். "பொய்யெண்டு மட்டும் சொல்லுவன். உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு உங்களுக்கும் சொல்லமாட்டன். உங்களுக்குத் திறந்து காட்டினா மறுகா எனக்குப் பூட்டு எதுக்கு?"

ஜிப்ரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரஷாந்திக்கோ அந்தப் பதில் பிடித்துவிட்டது போலிருந்தது. "சரி. பூட்டினதையாவது காட்டுங்க" என்றாள்.

"அதை ஆரும் பாக்கலாம். பயமில்ல" என்றாள் றஸீனா.

நஸ்ஹா மடிக்கணினியைத் திறந்தாள். நீளமான அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர். அதற்கப்பால் எழுத்தும் இலக்கமும் கண்டபாட்டுக்குக் கலந்த குப்பை. ஜிப்ரிக்கு அதைப் பார்க்கவே கண் வலித்தது.

"தரவுத்தளத்தை ஆராவது அப்பிடியே அள்ளிட்டுப் போனாலும் ஒண்டும் விளங்காது, மிஸ்," என்றாள் நஸ்ஹா. "பேர் மட்டும்தான் திறந்திருக்கும். அடையாள அட்டை இலக்கம், தாய்வழிக் குடி, ரத்தம், முந்திப் பேசின சம்பந்தம் எல்லாம் மறைகுறியாக்கம் செஞ்சு பூட்டினது. அலுவலகத்தில றஸீனா லாத்தாவும், விபரம் பதியிற ரிப்காவும் தங்கட திரையில வாசிப்பாங்க. வெளிய இருந்து திறக்கிற சாவி என்னட்ட மட்டும்தான்." கடைசி வார்த்தையில் அவள் குரல் தேய்ந்தது.

"அப்ப நான் ஆரைச் சந்தேகப்பட?" என்றாள் றஸீனா. நஸ்ஹா நிலத்தைப் பார்த்தாள். மகளைப் போல வைத்திருந்தவளைச் சந்தேகிக்க வேண்டி வந்ததில் றஸீனாவும் நொந்துதான் போயிருந்தாள்.

"ரத்தக் கட்டத்தில என்னென்ன சொல் வரும்? ஆருக்கு எதெண்டு வேணாம்" என்று கேட்டாள் பிரஷாந்தி.

"நாலு சொல்," என்றாள் றஸீனா. "ரிப்கா அதில ஒண்டைத் தெரிவு செய்வா. 'குறையில்லை', 'தலசீமியா காவி', 'வேறு குறை', 'அறிக்கை வரவில்லை'. காவியெண்டா அந்தப் பரம்பரை ரத்த நோயைப் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவ. சம்பந்தம் பேசி முடிஞ்சாத்தான் அந்தக் கட்டத்தை நிரப்புவம். அதுவரைக்கும் காலிதான்."

"ஆம்புளைகளுக்கு எல்லாமே காலியா இருக்கே?"

"பொம்புளைப் பிள்ளைகள்ட அறிக்கையைத்தானே கேப்பாங்க" என்றாள் றஸீனா, இதிலென்ன கேள்வி என்பது போல.

பிரஷாந்தி நஸ்ஹாவின் பக்கம் திரும்பினாள். "ஒரே சொல்லை ரெண்டு தரம் பூட்டினா எப்பிடி வரும்?"

"ஒரே மாதிரித்தான். இல்லாட்டித் தேட ஏலாதே. ஒரே குடியில சம்பந்தம் செய்யமாட்டாங்க. குடியைச் சொன்னா அந்தக் குடிக்காரரை ஒதுக்கிற மாதிரி தேடித் தரணுமெண்டு லாத்தா கேட்டா. எல்லாக் கட்டத்தையும் அதே முறையிலயே பூட்டிட்டன்."

"இந்தப் பூட்டின அட்டவணையை வேற ஆரு பாப்பாங்க?"

"சாலிஹ். பக்கத்தில கம்பியூட்டர் கடை வச்சிருக்கிற தம்பி," என்றாள் றஸீனா. "பின்னேரம் பின்னேரம் இதுக்கு ஒரு பிரதி எடுத்து வைப்பான். நல்ல பிள்ளை. சாவியும் இல்ல."

பிரஷாந்தி ரத்தக் கட்டத்தில் ஏதோ ஒன்றைப் பிரதியெடுத்துத் தேடினாள். அட்டவணையில் நான்கு இடத்தில் மஞ்சள் விழுந்தது. ஜிப்ரி அதைக் கண்டான்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து உம்மாவிடமிருந்து அழைப்பு வந்துவிட்டதால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மற்றவர்கள் போன பிறகு பிரஷாந்தி அவனிடம் சொன்னாள். "நாளைக்கு அந்த மூண்டு பொண் வீட்டுக்கும் ஒருக்காப் போய்ட்டு வாங்க. அப்பிடியே சாலிஹ்ட கடைக்கும். ரத்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க வேணாம்."

"கேக்காம என்னத்துக்குப் போற?"

"போய்ட்டு வாங்களன்."

ஜிப்ரி வியாழன் காலையிலேயே மோட்டார் சைக்கிளை உதைத்தான். ஓட்டமாவடியில் பெண்ணின் வாப்பா வாசலோடு மறித்துப் பேசி அனுப்பிவிட்டார். ஏறாவூரில் அதுவுமில்லை. மணல் குவியலைச் சுற்றி, கம்பிக் கட்டைத் தாண்டி, சாந்து குழைத்த இடத்தில் காலை வைத்துப் போய் நின்றால், "உங்கட அலுவலகமும் வேணாம், கதையும் வேணாம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தன் வீட்டில் எட்டிப் பார்த்தான். ஸில்மியாவுக்காகப் பின்வளவில் எழும்பும் வீட்டில் மேசன் வேலைதான் நடந்தது. ஸில்மியா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போய்விட்டாள். அவள் அழுதிருந்தால் கூட அவனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அந்தத் தேத்தண்ணீரைக் குடிக்காமலே கிளம்பினான்.

சாலிஹின் கடை றஸீனாவின் அலுவலகத்துக்கு இரண்டு வளவு தள்ளி. கடையை ஒட்டி, கூரை ஏறாத வீடொன்று. தூண்களில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடித்திருந்தன, உள்ளே எருக்கலை முளைத்திருந்தது. சாலிஹ் அன்பாகத்தான் பேசினான். "ஸில்மியாட விசயம் கேள்விப்பட்டன், ஜிப்ரி காக்கா. அல்லாஹ் நல்லதை நாடட்டும்" என்றான். சொல்லும்போது அவன் முகத்தை ஜிப்ரி பார்க்கவில்லை. மனம் முழுக்க ரிப்காவின் மேல் இருந்தது. பதிகிறவள் அவள்தானே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டாள் என்று வழிநெடுக முடிவு கட்டிக்கொண்டு கல்லடிக்கு வந்தான்.

"ஒண்டும் கிடைக்கல்ல, அக்கா. பெற்றோல் எரிஞ்சதுதான் மிச்சம். ரிப்காவைப் பிடிச்சு உலுக்கினா எல்லாம் வெளிய வரும்."

பிரஷாந்தி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறச் சாந்து செருப்பு வாரில் காய்ந்து வெடித்திருந்தது.

"இது எந்த வீட்டுச் சீமேந்து?"

"எந்த வீடெண்டு சொல்ற? மூண்டு வீட்டிலயும் மேசன்மார் நிக்காங்க. எங்கட வீட்டிலயும் நிலம் பூசல்ல."

"சாலிஹ்ட கடைப் பக்கம்?"

"அங்க வேலை நிண்டு கனகாலம். வீடு பாதியில கிடக்கு."

பிரஷாந்தி எழுந்து சீலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "அப்ப முடிஞ்சுது. றஸீனாக்குச் சொல்லுங்க, பின்னேரம் எல்லாரையும் அலுவலகத்துக்குக் கூப்பிடட்டும். நஸ்ஹா, ரிப்கா, சாலிஹ். நீங்களும் கையைக் காலை அடக்கிட்டு வாங்க."

அலுவலகத்தில் மின்விசிறி சுற்றியும் வியர்த்தது. ரிப்கா எல்லாருக்கும் தேத்தண்ணீர் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். பிரின்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்து வந்த சாலிஹ், கையில் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தான். ஜிப்ரி வழக்கம்போல் நின்றான்.

"முதல்ல ஒண்டைச் சொல்றன்," என்று ஆரம்பித்தாள் பிரஷாந்தி. "இந்தச் செய்தியை எழுதினவர் பொய் சொல்லல்ல."

"அக்கா!" என்றான் ஜிப்ரி.

"எழுதினது பொய்தான். ஆனா எழுதினவர் அதை உண்மையெண்டு நம்பியிருக்கார். வேணுமெண்டு பொய் சொல்றவர், கணினியில கிடக்கு, போய்க் கேளுங்க எண்டு சொல்லுவாரா? அப்ப அவர் கணினியில என்னத்தையோ கண்டிருக்கார். என்னத்தைக் கண்டார்? றஸீனா எனக்குத் திறந்து காட்டல்ல. ஜிப்ரிட செருப்புத்தான் காட்டினது."

எல்லாரும் ஜிப்ரியின் காலைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான்.

"இந்தப் பக்கத்தில பொண்ணுக்கு வீடு குடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டிலதான் குடியிருப்பார். வீடு முடியாம நாள் வைக்கமாட்டீங்க. நாள் வைக்காம ரத்த டெஸ்டுக்கு ஆரும் ஓடமாட்டீங்க. ஸில்மியாட வீடு முடியல்ல, அவ டெஸ்டும் எடுக்கல்ல. மற்ற ரெண்டு வீட்டிலயும் சாந்து குழைச்சபடிதான். அப்ப மூண்டு பேருக்கும் கணினியில என்ன சொல் இருக்கும்? 'அறிக்கை வரவில்லை.' றஸீனா, நான் பிழையெண்டா இப்ப சொல்லுங்க."

றஸீனா வாயைத் திறக்கவில்லை. அதுவே பதிலாகப் போதுமாயிருந்தது.

"நஸ்ஹாட்டச் சாவி இருக்கு. திறந்தா அந்தச் சொல்லைத்தான் வாசிச்சிருப்பா. ரிப்கா அந்தச் சொல்லைத் தன்ட கையால தெரிவு செஞ்சவ. றஸீனா தினமும் திரையில பாக்கிறவ. 'வரவில்லை' எண்டதை வருத்தம், நோய் எண்டு பிழையா விளங்கிக்கொள்ள இந்த மூண்டு பேருக்கும் ஏலாது. சொல்லைப் பாக்காம பூட்டை மட்டும் பாக்கிறவருக்குத்தான் இந்தப் பிழை வரும்."

நஸ்ஹா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. "ஒரே சொல்லுக்கு ஒரே பூட்டு..." என்று முணுமுணுத்தாள்.

"ஓம். சாவி தேவையில்ல. ஒரு ஆள்ட உள்விசயம் தெரிஞ்சாப் போதும். அந்த ஆள்ட வரியில இருக்கிற குப்பை எழுத்தைப் பாத்துட்டு, அதே குப்பை வேற எங்கெங்க இருக்கெண்டு தேடினாச் சரி. நானும் ஸில்மியாட வரியை வச்சுத் தேடினன். அதே பூட்டு நாலு பேருக்கு இருந்தது. செய்தி போனது மூண்டு பேரைப் பத்தி." பிரஷாந்தி நிறுத்தி, தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தாள். ஜிப்ரிக்கு அந்தக் கோப்பையைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. "நாலாவது பேரை மட்டும் ஏன் விட்டார்? அவர் அந்தப் பேரில இருந்துதான் தொடங்கினார். அந்தப் பிள்ளைட ரத்தத்தில என்ன இருக்கெண்டு அவருக்குத் தெரியும். அவ அவர்ட சொந்தம். நாலாவது பேர் றுக்ஷானா. அவவுக்குக் கட்டின வீடுதான் சாலிஹ்ட கடைப் பக்கம் பாதியில நிக்குது."

திருப்புளி சீமேந்துத் தரையில் விழுந்து உருண்டது.

ஜிப்ரி இரண்டு எட்டில் சாலிஹின் முன்னால் போய் நின்றான். கை தானாக மடங்கிவிட்டிருந்தது. காலையில் அல்லாஹ் நல்லதை நாடட்டும் என்றவன் இவன்தானே! ஆனால் சாலிஹ் அவனைப் பார்க்கவேயில்லை. பிரஷாந்தியைத்தான் பார்த்தான்.

"வரவில்லையா? என்ட தங்கச்சிக்கும் அதான் போட்டிருக்கா? உம்மா அறிக்கையைக் குடுக்கவே இல்லயா?"

"இல்ல தம்பி," என்றாள் றஸீனா. இனி மறைத்து ஆவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "வீடு முடியிறதுக்கு முந்தியே அவசரப்பட்டு எடுத்த அறிக்கையில தலசீமியா காவி எண்டு வந்த அண்டைக்கே உங்கட உம்மா நேரா மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டா. மறைச்சுக் கட்டிக் குடுக்க மனமில்ல எண்டா. சம்பந்தம் முறிஞ்சப் பிறகுதான் என்னட்ட வந்து அழுதா. கட்டத்தை நான் மாத்தல்ல."

"நீங்க சொல்லித்தான் முறிஞ்சதெண்டு நினைச்சன், லாத்தா." சாலிஹின் முகம் சின்னப் பிள்ளையின் முகம் போல் கோணியது. "கூரை போடாமலே வீட்டை விட்டுட்டம். அவள் வெளிய வாறதையும் விட்டுட்டாள். நான் பின்னேரம் பின்னேரம் பிரதி எடுக்க இருந்தா, அவள்ட குறியே வேற மூண்டு பேருக்கும் இருக்கு. அவங்கட வீடுகளில வேலை நடக்குது, கலியாணம் நடக்கப் போகுது. அவங்கடைய மறைச்சு, எங்கடைய மட்டும் காட்டிக் குடுத்துட்டீங்க எண்டு நெஞ்சு எரிஞ்சது. அதான் செஞ்சன். வல்லாஹி, பொய்யெண்டு தெரியா."

"அந்த மாப்பிள்ளை டெஸ்ட் எடுத்தாரா?" என்று கேட்டாள் பிரஷாந்தி.

"மாப்பிள்ளைட ரத்தத்தை ஆரு கேக்கிற?"

"கேக்கணும், தம்பி. காவி எண்டது நோயில்ல. ரெண்டு பேரும் காவியா இருந்தாத்தான் பிள்ளைக்கு நோய் வரப் பாக்கும். அவர் காவி இல்லாட்டி, உங்கட தங்கச்சிட கலியாணம் முறியத் தேவையே இருந்திருக்காது."

சாலிஹ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான். ஜிப்ரியின் மடங்கிய கை எப்போது விரிந்ததென்று அவனுக்கே தெரியவில்லை. கோபம் போய்விடவில்லை. ஆனால் அந்த எருக்கலை முளைத்த வீடு கண்ணுக்குள் வந்து நின்றது. "எழும்பு," என்றான் கடுப்பாக. "மூண்டு வீட்டுக்கும் நீயே வந்து சொல்லணும். என்ட மோட்டார் சைக்கிள்ல ஏறு."

றஸீனா நஸ்ஹாவின் தோளில் கைவைத்தாள். நஸ்ஹா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பூட்டை மாத்தணும், லாத்தா," என்றாள். "ஒவ்வொரு தரமும் வேற வேற கலவை சேர்த்துப் பூட்டுவன். ஒரே சொல்லா இருந்தாலும் ரெண்டு தரம் ஒரே மாதிரி வராது. தேடல் கொஞ்சம் சுணங்கும்."

"சுணங்கட்டும்" என்றாள் றஸீனா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சற்று நேரத்தில் ஸில்மியாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் உம்மா கைறுன்னிஸா ஏறாவூரிலிருந்து ஜிப்ரியின் வீட்டுக்கு வந்திறங்கினாள். கையில் மஸ்கட் இனிப்புப் பெட்டி. ஓட்டோவை ஓட்டி வந்தது மாப்பிள்ளை ஷிஹான். முறைக்கு அவன் வெளியிலேயே நின்றுகொண்டான்.

"எல்லாம் பொய்யெண்டு தெரிஞ்சிட்டு. அந்தப் பொடியன் எங்கட வாசல்ல நிண்டு அழுத அழுகை!" என்றாள் கைறுன்னிஸா. "நிலம் பூசின கையோட நாளை வைப்பம்."

ஜிப்ரிக்கு மூன்று நாளுக்குப் பிறகு மூச்சு வந்தது. உம்மா அழுதேவிட்டாள். அப்போதுதான் ஸில்மியா உள்ளேயிருந்து வந்தாள்.

"மாமி, நான் திங்கக்கிழமை டெஸ்டுக்குப் போறன். எனக்கு இருந்தாலும் இருக்கும், இல்லாட்டியும் இல்ல. அவரும் வந்து எடுக்கட்டும். ரெண்டு அறிக்கையும் வந்தப் பிறகு நாளை வைப்பம்."

"ஆம்புளைப் பிள்ளைக்கு எதுக்கு மகள் அதெல்லாம்?"

"றுக்ஷானாட மாப்பிள்ளைக்கும் எதுக்கெண்டுதான் விட்டாங்க" என்றாள் ஸில்மியா.

கைறுன்னிஸாவின் முகம் இறுகியது. உம்மா அழுகையை நிறுத்திவிட்டாள். ஜிப்ரி தங்கச்சியைப் பார்த்தான். வாயை மூடு என்று சொல்ல வந்தவன், தன் வாயை மூடிக்கொண்டான். கூடி வந்த காரியத்தைத் தட்டிவிட்டாளே என்றிருந்தது.

வெளியே ஓட்டோவின் பக்கமிருந்து குரல் வந்தது. "உம்மா, திங்கக்கிழமை நான் வாறனெண்டு சொல்லுங்க."

கைறுன்னிஸா வாசலையும் ஸில்மியாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மஸ்கட் பெட்டியை அவள் கையிலேயே கொடுத்தாள்.

அடுத்த வாரம் றஸீனாவின் அலுவலகத்தில் ரிப்கா இரண்டு அறிக்கைகளைப் பதிந்தாள். ஆண் ஒருவரின் ரத்தக் கட்டம் நிரம்பியது அதுதான் முதல் தடவை. ஏதோ வேலையாக வந்தவன் போல் ஜிப்ரியும் அங்கே நின்றான். நஸ்ஹா பூட்டிய அட்டவணையைத் திறந்து அவனுக்குக் காட்டினாள். ஸில்மியாவின் வரியில் ஒரு குப்பை, ஷிஹானின் வரியில் வேறொரு குப்பை. இரண்டும் ஒரே சொல்லா வேறு வேறு சொல்லா என்று இனி யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. ரிப்காவிடம் கேட்டால் தெரியும். ஜிப்ரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் வைத்த தேத்தண்ணீரை ஆறுதலாகக் குடித்தான். கலியாணத் திகதி குறித்தாயிற்று, மற்றதை அவன் கேட்கவில்லை.